முடிவே இல்லாத ஆட்டம்

இருபது ஆண்டுகளைத் தாண்டியும் ஓடிக்கொண்டிருக்கும் ஆன்லைன் வேட விளையாட்டுகள் இன்னும் புது முகங்களை அழைக்கின்றன. உள்ளே போவது லாபமா, நஷ்டமா? வைட்டிலா தலைமுறை போடவேண்டிய கணக்கு இது.

கொச்சியில் வைட்டிலாவைத் தொடாமல் நாளைக் கழிப்பது கடினம். 2011-ல் மொபிலிட்டி ஹப் திறக்கப்பட்டது. 2019-ல் மெட்ரோ ரயில் வந்து சேர்ந்தது. 2021 ஜனவரியில் மேம்பாலம். 2023 ஏப்ரலில் காக்கநாட்டுக்கு வாட்டர் மெட்ரோ படகு. பஸ், ரயில், படகு மூன்றும் ஒரே இடத்தில் கூடும் இந்தச் சந்திப்பில், நாளின் எந்த நேரத்திலும் யாராவது எதற்காவது காத்திருக்கிறார்கள். காத்திருக்கும் கைகளில் செல்போன். செல்போனில் பெரும்பாலும் ஒரு விளையாட்டு.

படகு பிடித்துக் காக்கநாட்டு இன்ஃபோபார்க்குக்கு வேலைக்குப் போகும் இளைஞர்களில் பலர், அந்த வளாகம் உருவான 2004-ல் பள்ளிக்கூடத்து வாசலைக்கூட மிதிக்காதவர்கள். அதே 2004 நவம்பரில் அமெரிக்காவில் வெளியான வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற கம்ப்யூட்டர் விளையாட்டு இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கும் மூத்தது 2001 ஜனவரியில் இங்கிலாந்தில் பிறந்த ரூன்ஸ்கேப். அதற்கும் முந்தியவை 1997-ன் அல்டிமா ஆன்லைனும் 1999-ன் எவர்க்வெஸ்ட்டும். சினிமா வந்து போகிறது, செல்போன் மாடல் வந்து போகிறது. இவை மட்டும் மூடுவதாக இல்லை.

நண்பன் ஒருவன் கூப்பிடுகிறான்: 'வா, சேர்ந்து ஆடலாம்.' சேர்வதா வேண்டாமா? அற்பமான கேள்வி போலத்தான் தெரியும். ஆனால் பதில் சொல்பவர் பணயம் வைப்பது ஒரு மாலைப் பொழுதை அல்ல. பல ஆண்டுகளின் மாலைகளை.

வேடம் கட்டும் கலை

முதலில், இது என்ன ஆட்டம்? பப்ஜி போல அரை மணி நேரத்தில் ஒருவர் ஜெயித்து மற்றவர் தோற்று முடிந்துபோகும் சண்டை அல்ல. ஆடுபவர் தனக்கென ஒரு பாத்திரத்தை உருவாக்கிக்கொள்கிறார். வீரன், மந்திரவாதி, வைத்தியக்காரி, மீன் பிடிப்பவன் என்று எதுவாகவும் இருக்கலாம். அந்தப் பாத்திரம் வாழும் உலகம் எங்கோ ஒரு சர்வரில் இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது. ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் அங்கே திரிகிறார்கள். ஆடுபவர் தூங்கப் போனாலும் அங்கே சந்தை நடக்கிறது, சண்டை நடக்கிறது. பாத்திரம் கொஞ்சம் கொஞ்சமாகத் திறமை சேர்க்கிறது. கடைசிப் பக்கம் என்று ஒன்று கிடையாது.

இதன் முதல் விதை 1978-ல் விழுந்தது. இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழக மாணவர்கள் ராய் ட்ரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் வெறும் எழுத்துகளாலேயே ஆன ஒரு கற்பனை உலகத்தைக் கம்ப்யூட்டரில் கட்டினார்கள். படம் கிடையாது, சத்தம் கிடையாது. 'வடக்கே போ' என்று தட்டச்சு செய்தால் அடுத்த அறையின் வர்ணனை வரும். இன்றைய பிரம்மாண்டங்கள் எல்லாம் அந்த எழுத்து விளையாட்டின் வாரிசுகள்.

கொச்சிக்கு இது முற்றிலும் அந்நியமான சமாச்சாரமும் அல்ல. இந்தக் கடற்கரையின் லத்தீன் கிறிஸ்தவர்களிடையே வளர்ந்த சவிட்டு நாடகத்தில், மரப்பலகை அதிர மிதித்து ஆடும் உள்ளூர்க்காரர்கள் ஐரோப்பியச் சக்கரவர்த்தி சார்லமேனாகவும் அவரது பன்னிரண்டு தளபதிகளாகவும் வேடம் கட்டினார்கள். அந்தக் 'காறல்மான்' நாடகத்தை இயற்றியவராகச் சொல்லப்படும் சின்னத்தம்பி அண்ணாவி தமிழர். பாட்டுகளிலும் தமிழ் நெடி தூக்கல். ஒரே இரவில் முடியாமல் பல இரவுகள் நீண்ட ஆட்டம் அது. பகலில் வலை வீசியவர் இரவில் ராஜாவானார். கம்ப்யூட்டர் வேடமும் விற்கும் சுகம் அதுவேதான். வித்தியாசம் ஒன்று உண்டு: நாடகத்தில் விடிந்தால் திரை விழுந்தது.

இந்தியாவுக்கு இல்லாத சர்வர்

இந்தியாவில் இந்த வகை ஆட்டங்களை வேரூன்றச் செய்யும் முயற்சிகள் 2000-களின் நடுவிலேயே நடந்தன. கொரியாவின் ராக்னரோக் ஆன்லைன் இங்கே வந்தது. சென்னையைச் சேர்ந்த சிஃபி நிறுவனம் ஏ3 என்ற இன்னொரு கொரிய ஆட்டத்தைக் கொண்டுவந்தது. வீடுகளில் பிராட்பேண்ட் அரிதாக இருந்த காலம். ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் மணிக்கணக்கில் காசு கொடுத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தார்கள். இரண்டு சேவைகளும் நீடிக்கவில்லை. இந்தியா விளையாட்டு வெறியில் மூழ்கியது பின்னால், மலிவு டேட்டாவும் செல்போனும் சேர்ந்தபோதுதான். ஆனால் அப்போது கைக்கு வந்தது பப்ஜி வகையறா. அதையும் 2020 செப்டம்பரில் மத்திய அரசு தடை செய்ய, 2021-ல் வேறு பெயரில் திரும்பி வந்து, 2022-ல் மறுபடி காணாமல் போய், 2023-ல் மீண்டும் தலைகாட்டியது.

விளைவு, பழைய வேட விளையாட்டை நாடும் கொச்சிக்காரர் அந்நிய சர்வரில்தான் ஆடியாக வேண்டும். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டுக்கு இந்தியாவில் சர்வர் கிடையாது. இங்கே பௌதிகம் குறுக்கிடுகிறது. கண்ணாடி இழைக்குள் ஒளி செல்லும் வேகம் விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர். கொச்சியிலிருந்து லண்டன் நேர்கோட்டிலேயே 8,000 கிலோமீட்டர். ஒரு கட்டளை போய்ப் பதில் திரும்ப விநாடியில் பன்னிரண்டில் ஒரு பங்காவது ஆகும். கேபிள் நேர்கோட்டில் போவதில்லை என்பதால் நிஜத்தில் இன்னும் அதிகம். கடலடி கேபிள்கள் கரையேறும் இந்திய நகரங்களில் கொச்சியும் ஒன்று. ஆனால் எவ்வளவு வேகமான இணைப்பு வாங்கினாலும் தூரம் குறையாது.

நொடிக்குள் வாள் வீசவேண்டிய சண்டைகளில் இந்தத் தாமதம் உயிரை வாங்கும். ரூன்ஸ்கேப்பில் அவ்வளவு உறைக்காது. அதன் சர்வர் கட்டளைகளை 0.6 விநாடிக்கு ஒரு முறைதான் கணக்கில் எடுக்கிறது. லண்டனில் இருப்பவரும் வைட்டிலாவில் இருப்பவரும் அந்தத் தாளத்துக்குள் ஏறக்குறைய சமமாகிவிடுகிறார்கள். அதன் பழைய வடிவம் 2018 அக்டோபரிலிருந்து செல்போனிலும் ஓடுகிறது. விலையுயர்ந்த கம்ப்யூட்டர் தேவையில்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது மரம் வெட்டலாம், மீன் சுடலாம்.

மொழி இன்னொரு வேலி. இந்த ஆட்டங்கள் தமிழில் இல்லை, மலையாளத்திலும் இல்லை. கட்டளை, கதை, கடைக்காரன் பேச்சு எல்லாம் ஆங்கிலம். பாடப்புத்தகத்தில் ஒட்டாத ஆங்கிலம் இங்கே ஒட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. மறுபக்கம், ஆங்கிலம் தடுமாறும் ஆள் குழுவில் வாய் திறக்கத் தயங்கி ஓரமாகவே நின்றுவிடவும் கூடும்.

அடக்கத்துக்கு வந்தவர்கள்

லாபப் பக்கத்தில் முதலில் எழுதவேண்டியது ஒரு நார்வேக்காரரின் பெயர்: மாட்ஸ் ஸ்டீன். டுஷேன் என்ற தசைச் சிதைவு நோயுடன் பிறந்த அவர், சக்கர நாற்காலியில் வாழ்ந்து 2014 நவம்பரில் 25-வது வயதில் இறந்தார். மகன் நட்பும் காதலும் அறியாமல் வீட்டுக்குள்ளேயே முடங்கிப் போனான் என்றுதான் பெற்றோர் வருந்திக்கொண்டிருந்தார்கள். மரணச் செய்தியை அவர் எழுதிவந்த இணையப் பக்கத்தில் அறிவித்தபோது, அவர்கள் கேள்விப்பட்டே இராத மனிதர்களிடமிருந்து நீண்ட மின்னஞ்சல்கள் வந்து குவிந்தன. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் மாட்ஸ் 'இபெலின்' என்ற கம்பீரமான வேடத்தில், ஸ்டார்லைட் என்ற குழுவின் முக்கிய உறுப்பினராக வாழ்ந்திருந்தார். பலருடைய குடும்பச் சிக்கல்களைக் காது கொடுத்துக் கேட்டிருந்தார். ஆறுதல் சொல்லியிருந்தார். குழுவினர் சிலர் வெளிநாடுகளிலிருந்து ஆஸ்லோவுக்குப் புறப்பட்டு வந்து அடக்கத்தில் கலந்துகொண்டார்கள். இந்தக் கதை 2024-ல் ஆவணப்படமாக வெளிவந்தது.

வாழ்வின் கடைசிப் பத்தாண்டில் மாட்ஸ் அந்த ஆட்டத்தில் 15,000 முதல் 20,000 மணி நேரம் வரை கழித்ததாகக் கணக்கு. வீணான நேரம் என்று அவருடைய பெற்றோர் இனி சொல்லமாட்டார்கள். ஆனால் இந்த உதாரணத்தை எல்லோரும் எடுத்துக்காட்டுவதில் ஒரு வில்லங்கமும் இருக்கிறது. மாட்ஸுக்கு வெளியுலகத்தின் கதவுகளை நோய் அடைத்திருந்தது. கதவு திறந்திருக்கும் ஒருவர் அதை மூடிவிட்டு உள்ளே போவது வேறு கணக்கு.

லாபத்தில் வேறு சிலவும் உண்டு. நாற்பது பேர் சேர்ந்து ஓர் அரக்கனை வீழ்த்த நேரம் குறித்து, வேலை பிரித்து, தோற்று, மறுபடி கூடுவது நிர்வாகப் பயிற்சிதான். 2005 செப்டம்பரில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் ஓர் அரக்கன் பரப்பிய தொற்று, நிரல் பிழையால் நகரங்களுக்குள் புகுந்து கொள்ளைநோயாகப் பரவியது. ஆட்டக்காரர்கள் சிலர் ஓடினார்கள், சிலர் வைத்தியம் பார்த்தார்கள், சிலர் வேண்டுமென்றே பரப்பினார்கள். கொள்ளைநோயின்போது மனிதர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதற்குத் தடயம் இதில் இருப்பதாகத் தொற்றுநோய் ஆய்வாளர்கள் 2007-ல் மருத்துவ இதழில் எழுதினார்கள். கோவிட் காலத்தில் அந்தச் சம்பவம் மறுபடி பேசப்பட்டது.

தவிர, ஜனநாயகம். ரூன்ஸ்கேப்பின் சண்டை முறையை 2012-ல் கம்பெனி தலைகீழாக மாற்றியபோது ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள். 2007-ல் இருந்த வடிவம் திரும்ப வேண்டுமா என்று 2013-ல் ஓட்டு நடந்தது. ஏறத்தாழ நாலரை லட்சம் பேர் ஓட்டுப் போட்டார்கள். பழைய ஆட்டம் திரும்பியது. அதில் புதிதாக எதைச் சேர்ப்பதென்றாலும் வாக்கெடுப்பு நடத்துவது அதன் பிறகு வழக்கமாகவே ஆகிவிட்டது.

92-ல் பாதி

இனி செலவுப் பக்கம். ரூன்ஸ்கேப்பில் ஒரு திறமையின் உச்சம் 99-வது நிலை. அதற்குத் தேவை 1,30,34,431 அனுபவப் புள்ளிகள். 92-வது நிலையை எட்டியவர் சிகரத்தை நெருங்கிவிட்டதாக நினைப்பார். அப்போது அவரிடம் இருப்பது 65,17,253 புள்ளிகள். சரியாகப் பாதி வழி. ஆரம்ப நிலைகள் நிமிடங்களில் கிடைக்கும், பிந்தியவை நாட்களை விழுங்கும். விளையாட்டின் சூட்சுமமே இந்த வளைகோட்டில்தான் இருக்கிறது. விட்டுவிட மனம் வராத கட்டத்தில்தான் மீதிப் பாதி தொடங்குகிறது.

தினம் இரண்டு மணி நேரம் என்பது அதிகமாகத் தோன்றாது. பத்து ஆண்டுகளில் அது 7,300 மணி நேரம். எட்டு மணி நேர வேலை நாளாகப் பிரித்தால் 912 நாட்கள். ஆண்டுக்கு 300 வேலை நாள் என்றால் முழுசாக மூன்று வருஷ உத்தியோகம். சீட்டுக் கச்சேரியும் கிரிக்கெட்டும்கூட இதே அளவு நேரத்தைத் தின்னும் என்று வாதிடலாம். நியாயம்தான். ஆனால் சீட்டுக்கட்டு, இன்று ஆட வராவிட்டால் பரிசு போய்விடும் என்று பயம் காட்டுவதில்லை. தினசரிப் பணி, வாராந்தரப் பரிசு, பண்டிகைக் காலத்தில் மட்டும் கிடைக்கும் உடை என்று பல ஆன்லைன் ஆட்டங்கள் ஆளைக் கட்டிப்போடுகின்றன. குழுவில் சேர்ந்தபின் பொறுப்பும் சேர்கிறது. ஒருவர் வராவிட்டால் மற்றவர்களின் இரவு வீண்.

காசு விஷயம் இந்தியர்களுக்குக் கூடுதல் பாரம். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டின் அமெரிக்க மாதச் சந்தா 2004-ல் 14.99 டாலர். இருபது ஆண்டுகள் கடந்தும் அதே விலை. அமெரிக்கருக்கு அது மலிந்துகொண்டே வந்திருக்கிறது. டாலர் 45 ரூபாயாக இருந்த 2004-ல் அந்தத் தொகை சுமார் 675 ரூபாய். டாலர் 85 ரூபாயைத் தாண்டிய பிறகு 1,275 ரூபாய்க்கு மேல். விலை ஏறாத ஆட்டம் இங்கே மட்டும் இரட்டிப்பாகியிருக்கிறது.

சந்தாப் பணத்துக்குப் பதில் ஆட்டத்தில் சம்பாதித்த தங்கத்தைக் கொடுக்கும் வழியும் உண்டு. அப்போது பொழுதுபோக்கு கூலி வேலையாக மாறுகிறது. 2010-களின் இறுதியில் பொருளாதாரம் நொறுங்கிய வெனிசுவேலாவில் பலர் ரூன்ஸ்கேப் தங்கத்தைச் சேர்த்து வெளிநாட்டவருக்கு விற்று வயிறு கழுவினார்கள். அது ஆட்ட விதிகளுக்கு விரோதம். பிடிபட்டால் கணக்கு முடக்கப்படும்.

கடைசியாக, சொத்து. பல ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த வாளும் வீடும் ஆட்டக்காரருடையவை அல்ல, கம்பெனியினுடையவை. ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ் 2011 டிசம்பரிலும் சிட்டி ஆஃப் ஹீரோஸ் 2012 நவம்பரிலும் மூடப்பட்டன. சீனாவில் உள்ளூர் நிறுவனத்துடன் ஒப்பந்தம் முறிந்ததால், 2023 ஜனவரியில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஒரே இரவில் இருண்டது. 2024 ஆகஸ்டில்தான் திரும்ப ஒளி வந்தது. விற்ற ஆட்டத்தை ஆடமுடியாதபடி மூடுவதைத் தடுக்கக் கோரி ஐரோப்பாவில் நடந்த இயக்கம் 2025 ஜூலையில் 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டியது.

வீட்டில் நடக்கும் யுத்தம்

பெற்றோரின் பயம் கற்பனை அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்று, 2022 ஜனவரியில் அமலுக்கு வந்த நோய்ப் பட்டியலில் விளையாட்டுக் கோளாறும் இடம்பெற்றது. ஆனால் அதன் வரையறை கறாரானது. ஆடும் நேரத்தின் மீது கட்டுப்பாடு போகவேண்டும். மற்ற எல்லாவற்றையும்விட ஆட்டம் முக்கியமாக வேண்டும். கெடுதல் கண்ணுக்குத் தெரிந்தும் நிறுத்தமுடியாமல் போகவேண்டும். இந்த நிலை பொதுவாக ஓராண்டாவது நீடித்திருக்க வேண்டும். பரீட்சை விடுமுறையில் இரவெல்லாம் ஆடும் பையன் நோயாளி அல்ல. பரீட்சைக்கே போகாதவன் விஷயம் வேறு.

உதவிக்கு இடங்கள் உண்டு. பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனை 2014-லேயே தொழில்நுட்ப மோகத்துக்கென்று தனிச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கியது. கேரள போலீஸ் 2023-ல் டி-டாட் என்ற பெயரில் சிறுவர்களுக்கான டிஜிட்டல் மீட்பு மையங்களைத் திறந்த நகரங்களில் கொச்சியும் உண்டு. லத்தியை நம்பாமல் கவுன்சலிங்கை நம்பும் ஏற்பாடு அது.

போனைப் பிடுங்கி வைப்பதுதான் வீடுகளில் வழக்கமான வைத்தியம். கல்லூரி விடுதி ஒன்றின் செல்போன் கட்டுப்பாட்டை எதிர்த்து ஒரு மாணவி தொடுத்த வழக்கில், இன்டர்நெட் வசதி கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2019-ல் தீர்ப்பளித்தது. பாடமும் அதே போனில், ஆட்டமும் அதே போனில் என்றான பிறகு பிடுங்குவது தீர்வாகாது. எந்த ஆட்டம், யாரோடு, எத்தனை மணி வரை என்று கேட்பது பலன் தரலாம்.

பெற்றோர் போட்டுக் குழப்பிக்கொள்ளும் இன்னொரு விஷயம் சூதாட்டம். பார்லிமெண்ட் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆட்டங்களைத்தான் தடை செய்கிறது. பந்தயம் இல்லாத, சந்தா மட்டும் வாங்கும் பொழுதுபோக்கு ஆட்டத்தை அது தனி வகையாகப் பார்க்கிறது. வேட விளையாட்டு ஆடுவது ரம்மி ஆடுவது அல்ல. ஆடுபவர் தங்கத்தைப் பணமாக்கக் கிளம்பாத வரையில்.

போகலாமா?

தாமதமாகப் போவதால் நஷ்டமா என்பது புதியவரின் முதல் சந்தேகம். இதில் இரண்டு ரகம். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2024 வரை பத்து பெரும் விரிவாக்கங்களைக் கண்டுவிட்டது. ஒவ்வொன்றும் வரும்போது பழைய ஆயுதங்கள் செல்லாக்காசாகி, எல்லோரும் ஏறக்குறைய ஒரே கோட்டில் நிற்கிறார்கள். புதியவருக்கு இது வசதி. பழையவருக்கு, பட்ட பாடெல்லாம் இரண்டு மூன்று ஆண்டுகளில் கரையும் வேதனை. ரூன்ஸ்கேப்பின் பழைய வடிவம் நேர் எதிர். அங்கே சம்பாதித்த திறமை தேய்வதில்லை. ஆனால் முன்னே போனவரைப் பிடிக்க முடியாது. ஆகவே யாரையும் பிடிக்கவேண்டிய அவசியமும் இல்லை. தன் வேகத்தில் நடப்பவருக்கு அது பொருத்தம்.

யார் எதற்காக ஆடுகிறார்கள் என்பதை 1996-ல் அதே ரிச்சர்ட் பார்ட்டில் நான்காகப் பிரித்தார்: சாதிக்க வருபவர், சுற்றிப் பார்க்க வருபவர், பழக வருபவர், அடுத்தவரை வீழ்த்த வருபவர். முடிவெடுப்பவருக்கு இதைவிட நல்ல தராசு இல்லை. சுற்றிப் பார்ப்பவர் சில மாதங்களில் நிறைவாக வெளியேறுவார். பழக வருபவருக்கு நண்பர்கள் இருக்கும் வரை லாபம். அவர்கள் போனால் அவரும் போகலாம். வீழ்த்த வருபவரின் சண்டையில் பாதியைக் கடல் கடந்த தாமதம் தின்றுவிடும். அதிகம் யோசிக்கவேண்டியவர் சாதிக்க வருபவர். வேலையிலும் படிப்பிலும் கிடைக்காத முன்னேற்றத்தை எண்களில் தேடுபவருக்கு இந்த உலகம் அள்ளிக் கொடுக்கும். நிறுத்தச் சொல்லி எந்த எண்ணும் சொல்லாது.

சோதித்துப் பார்க்கச் செலவில்லை. ரூன்ஸ்கேப்பில் ஒரு பகுதி இலவசம். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 20-வது நிலை வரை இலவசம். ஒரு மாதம் ஆடிவிட்டு, கழிந்த மணி நேரத்தைத் தாளில் எழுதிப் பார்க்கலாம். அந்த மாதத்தில் சந்தித்த ஒரு மனிதரின் முகமோ குரலோ, கண்ட ஒரு காட்சியோ நினைவில் நின்றால் ஆட்டம் தகுதியானது. எத்தனாவது நிலை என்பது மட்டும்தான் நினைவில் நிற்கிறது என்றால், சந்தா கட்டாமல் எழுந்துவிடுவது புத்திசாலித்தனம்.

இந்த ஆட்டங்களில் ஜெயித்து முடித்தவர் என்று எவரும் இல்லை. முடித்துக்கொண்டவர்கள் மட்டுமே உண்டு. எப்போது முடித்துக்கொள்வது என்பதை உள்ளே போகும்முன்பே தீர்மானித்தவர் தாராளமாகப் போகலாம்.